ஐந்தாம் நம்பர் சட்டை

தம்பி,

நலம் விசாரித்துத் தொடங்க வேண்டிய இடம் இது. உன் நலம் ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் அம்மாவின் போன் வழியாக எனக்கு வந்துவிடுகிறது. அவள் ஸ்பீக்கரில் போட மாட்டாள். நீ பேசப் பேச "சரிப்பா", "அப்புடியா", "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சா" என்று அவள் சொல்வதை வைத்து மீதியை நான் ஊகித்துக்கொள்வேன். நீ போன் செய்யும் நேரத்தில் தையல் மிஷினை நிறுத்திவிடுகிறேன். அது அவளுக்கும் தெரியும். ஒரு தடவையாவது "இந்தா, அப்பாட்டக் குடுக்குறேன்" என்று சொல்வாள் என்று நானும் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாலு மாதமாக அவள் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. கேட்காததில் நியாயம் இருக்கிறது, அதனால் நானும் வற்புறுத்தவில்லை.

இதை அளவு எழுதும் நோட்டில்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரம் ஆகிறது. யூனிபார்ம் வேலை இன்னும் ஓயவில்லை. "அண்ணே, கை நீளமாப் போச்சு", "அண்ணே, இடுப்பு இறுக்குது" என்று ஒவ்வொருத்தராக வந்து நிற்கிறார்கள். எனக்கு அறுபத்தாறு முடிந்துவிட்டது. மிஷினுக்கு மோட்டார் போட்ட பிறகும் முழங்கால் வலி ஓய்ந்தபாடில்லை. ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடியைக் கழற்றவா மாட்டவா என்று தெரியாமல் அரைமணி நேரம் போகிறது. இந்தக் களைப்பெல்லாம் தூங்கி எழுந்தால் போய்விடும். நான் எழுத உட்கார்ந்தது வேறு களைப்பைப் பற்றி. ஒரு பொய்யை நாலு மாதமாகச் சுமந்துகொண்டு அதே வீட்டில் சாப்பிட்டு, அதே வீட்டில் படுத்து எழுந்திருக்கிறேன். இனிமேல் முடியாது தம்பி.

இது எங்கே தொடங்கியது என்று உனக்குப் பாதிதான் தெரியும். பொங்கல் கழிந்து ஒருநாள் கவிதா எனக்குப் போன் செய்தாள். கடையில் வாங்கும் புதுச் சட்டை எதைப் போட்டாலும் பிள்ளை யாழினிக்குக் கழுத்தெல்லாம் சிவந்துவிடுகிறது, உன் பழைய டீ-சர்ட்டைச் சுற்றிப் படுக்க வைத்தால்தான் சொறியாமல் தூங்குகிறாள் என்றாள். "மாமா, ஊர்ல அவரோட பழைய டீ-சர்ட் நிறைய இருக்குமில்ல? அதுல பாப்பாக்குச் சின்னதா தச்சுத் தர முடியுமா?" என்று கேட்டாள். கல்யாணமான நாலு வருஷத்தில் உன் பெண்டாட்டி என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். "இதென்ன பிரமாதம், காது குத்துக்கு வரும்போது அரை டஜன் ரெடியா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். நாற்பது வருஷம் சட்டை தைத்தவன் என்கிற திமிர்.

திமிர் ஒரே நாளில் இறங்கியது. நான் தைத்ததெல்லாம் நெய்த துணி. பனியன் துணியின் குணமே வேறு. அது குறுக்கே இழுபடும், நெடுக்கே இழுபடாது. நான் பாட்டுக்குத் துணி மிச்சமாகட்டும் என்று உன் நீலச் சட்டையைக் குறுக்காகத் திருப்பிப் போட்டு வெட்டிவிட்டேன். தைத்துப் பார்த்தால் விறைப்பாக, குழாய் மாதிரி நிற்கிறது. சாதாரண ஊசி அங்கங்கே துணியைக் கடித்து ஓட்டை போட்டுவிட்டது. கழுத்து வழியே என் முழங்கை நுழையவில்லை. உன் அம்மா பார்த்துவிட்டு, "பிள்ளைக்குத் தச்சீகளா, பாட்டிலுக்குத் தச்சீகளா?" என்று கேட்டாள். வெகுநாள் கழித்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு நம் தெருமுனையில் நைட்டி தைக்கும் பெண்ணிடம் போய், முனை மழுங்கிய ஊசி வாங்கி, கழுத்துப் பட்டியைக் கழுத்து வட்டத்தை விடக் குறைவாக வெட்டி இழுத்துத் தைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டு வந்தேன். அவளுக்கு உன் வயதுகூட இருக்காது. "அங்கிள், பழைய சட்டையோட அடி மடிப்பைப் பிரிக்காதீங்க, அதையே பாப்பா சட்டைக்கும் அடியா வச்சுக்கங்க, ஒரு வேலை மிச்சம்" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

யாழினியின் தலையளவைக் கவிதா போனில் சொன்னாள். சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பைவிடத் தலைதான் பெரிது, அதனால் கழுத்தில்தான் எல்லாச் சூட்சுமமும். அந்தச் சுற்றளவுக்குச் சமையலறையில் தேடி, சர்க்கரை போட்டு வைக்கும் எவர்சில்வர் டப்பாவை எடுத்துவந்தேன். தைத்த சட்டையை டப்பாவுக்கு மாட்டி மாட்டிக் கழற்றிப் பார்ப்பேன். அப்படி ஐந்து சட்டை தைத்தேன். உன் கல்லூரி மஞ்சள், கம்பெனியில் கொடுத்த பச்சை, என்னுடைய கோடு போட்ட இரண்டு, உன் மாமா விட்டுவிட்டுப் போன கறுப்பு ஒன்று. ஒவ்வொன்றும் டப்பாமேல் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆனால் டப்பாவுக்கு மூக்கும் கிடையாது, காதும் கிடையாது, வலித்தால் அழவும் அழாது.

அரை டஜனுக்கு ஒன்று குறைந்தது. அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பீரோவின் மேல்தட்டில், உன் சான்றிதழ் பைலுக்கு அடியில், மடித்து வைத்த மெரூன் சட்டை. முதுகில் வெள்ளையில் ஐந்து என்று எண். கழுத்து ஒரு பக்கம் பிய்ந்தது. உன் சிநேகிதன் குமரேசனின் கபடிச் சட்டை. அதை எடுத்தபோது உன் அம்மா கதவருகில்தான் நின்றாள். "அதைத் தொடாதீக. அது தம்பி வச்சிருக்குறது" என்றாள். அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன நேரத்தில் வெட்டிவிட்டேன்.

காது குத்து அன்று நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். கோயிலில் மொட்டை போட்டு, சந்தனம் தடவி, கவிதாவின் தம்பி மடியில் உட்கார்த்திக் காது குத்தி முடித்தாயிற்று. பட்டுப்பாவாடை உறுத்துகிறது என்று பிள்ளை சிணுங்கினாள். நான்தான் பையைத் திறந்தேன். ஆறில் கைக்கு வந்தது அந்த மெரூன். ஏன் அதை எடுத்தேன் என்று கேட்காதே, மேலாக இருந்தது. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையே தைத்துப் பழகிய புத்தி, குத்தி ஒரு நாழிகை ஆகாத காதுக்கு மேல் தலைவழியாக மாட்டும் சட்டையை இழுக்கிறோமே என்று யோசிக்கவில்லை. கழுத்துப் பட்டி தோட்டில் மாட்டிக்கொண்டது. பிள்ளை வீரிட்டாள். நான் பதறிப்போய்க் கீழே இழுத்தேனே தவிர மேலே தூக்கத் தெரியவில்லை. நீ ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டு, மெதுவாகச் சுருட்டி எடுத்து விடுவித்தாய். காதில் ஒரு சொட்டு ரத்தம். பிள்ளையைக் கவிதாவிடம் கொடுத்துவிட்டு, கையிலிருந்த சட்டையை உதறித் திருப்பிப் பார்த்தாய். உன் முகம் அப்படிப் போய் அதற்கு முன்னால் நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

"இது யாரு சட்டைன்னு தெரியுமாப்பா?"

"பழசுன்னு நெனச்சு வெட்டிட்டேன்டா. தெரியாமப் போச்சு."

உன் அம்மா பக்கத்தில் நின்றாள். நீ சட்டையை மடித்து உன் பையில் வைத்துக்கொண்டு, பந்தியில்கூட உட்காராமல் சாயங்காலமே கிளம்பி ஓசூர் போய்விட்டாய்.

தெரிந்துதான் வெட்டினேன். நீ இதைக் கண்டுபிடித்துவிட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். சட்டையைத் திருப்பிப் பார்த்தபோது ஐந்து எங்கே இருந்தது? முதுகின் நட்டநடுவில். பெரிய ஆளின் சட்டையில் அடித்த எண், குழந்தையின் முதுகை முழுக்க அடைத்துக்கொண்டு, ஒரு நூல் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் போகாமல் இருந்தது. கவனிக்காமல் வெட்டியவன் கத்தரி அப்படி வெட்டாது. எண்ணின் நடுவில் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து வெட்டினேன். டெய்லர் வீட்டில் வளர்ந்தவனுக்கு இதுகூடவா தெரியாது? சட்டையை வெட்டியதற்காக மட்டும் நீ பேசாமல் இருக்கவில்லை. கையில் அத்தாட்சியை வைத்துக்கொண்டு நிற்பவனிடம் நான் பொய் சொன்னேன். அதனால்தான்.

ஏன் வெட்டினேன் என்று எனக்கு நானே நாலு மாதமாகச் சாக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். முதல் சாக்கு, உன் நன்மைக்காக என்பது. ஏழு வருஷமாக நீ ஊருக்கு வரும்போதெல்லாம் பையை வைத்த கையோடு அந்த அறைக்குள் போய்ப் பீரோவைத் திறப்பாய். கால்மணி நேரம். கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட அப்படித்தான். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு நானும் உன் அம்மாவும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம். இவன் எங்களைப் பார்க்க வருகிறானா, அந்தச் சட்டையைப் பார்க்க வருகிறானா என்று எனக்குப் பொருமும். செத்த பையன்மேல் பொறாமைப்பட்டேன். வெட்கக்கேடுதான். ஆனால் அதுவும் முழுக் காரணமில்லை.

அந்த நாளும் இதே மாதிரி யூனிபார்ம் நாள். காலையில் குமரேசன் அந்தச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, கழுத்து மட்டும் பிஞ்சிருச்சு. சாயங்காலம் நேமத்தான்பட்டியில மேட்ச். ரெண்டு தையல் போட்டுக் குடுங்க மாமா" என்றான். "சீசன்ல வந்து உசுர வாங்காதடா. ஆணியில மாட்டிட்டுப் போ" என்று விரட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே மாட்டினான். நீ அவன் வண்டியில் பின்னால் உட்காரத் தயாராக வாசலில் நின்றாய். "பட்டன் வைக்கக் குவிஞ்சு கெடக்கு, எங்குட்டுப் போற நீ? உள்ள வா" என்று கத்தினேன். நீ முறைத்துக்கொண்டு உள்ளே வந்தாய். அவன் வேறு ஏதோ சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாகப் போனான். போகும் வழியிலேயே வண்டி சரிந்து எல்லாம் முடிந்தது. சேதி வந்தபோது நீ கையில் ஊசியோடு உட்கார்ந்திருந்தாய். ஆணியில் கிடந்த சட்டையை நீதான் அப்புறம் எடுத்துப் பீரோவில் வைத்தாய். அன்று உன் முகம் போன மாதிரிதான் கோயிலிலும் போனது.

அந்த நிமிஷத்தில் என் மனசு என்ன சொன்னது தெரியுமா? ஐயோ பாவி குமரேசா என்று சொல்லவில்லை. "என் பிள்ளை தப்பிச்சான்" என்று சொன்னது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது. நான் தூக்கி வளர்க்காத குறையாக நம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பையன். அவன் காரியத்துக்குப் போய்ப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் உள்ளே அந்தச் சந்தோஷம் இருந்தது. அதற்கப்புறம் அவன் தாய் பாக்கியத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை. மூன்று தெரு தள்ளி வீடு. ஏழு வருஷமாக மார்க்கெட்டுக்கு அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன். நீ பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்த "தப்பிச்சான்" எனக்குக் கேட்கும். அதைக் கேட்காமல் இருக்கத்தான் வெட்டினேன். இல்லாமல் ஆக்க நினைத்தவன் எண்ணை எதற்கு அளந்து நடுவில் வைத்தான் என்று நீ கேட்பாய். அது பழகின கை, அதற்கு அப்படித்தான் வெட்டத் தெரியும்.

இதுதான் தம்பி. அன்று உன்னை நிறுத்தியதற்கு நீ என்னைக் குறை சொன்னதே இல்லை. நன்றி சொன்னதும் இல்லை. இரண்டையும் நான் எதிர்பார்த்தேன். நீ தகப்பனாகிவிட்டாய், உனக்கும் ஒருநாள் இப்படிக் கேவலமான ஒரு நிம்மதி வரும். வரும்போது உன் பெண்டாட்டியிடமாவது அன்றைக்கே சொல்லிவிடு. உன் மகளிடம் தப்பு செய்துவிட்டால், அவள் எத்தனை சின்னவளாக இருந்தாலும், "செய்தேன்" என்று சொல்லிப் பழகு. நான் உன்னிடம் பழகாமல் விட்டது அது. நீ ஆறாவது படிக்கும்போது உன் ஜாமெட்ரி பாக்ஸை நான்தான் மிதித்து உடைத்தேன். "கண்ட இடத்துல போட்டா ஒடையத்தான் செய்யும்" என்று உனக்கே இரண்டு அடி வைத்தேன். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

போன மாதம் உன் அம்மாதான் பேச்சை எடுத்தாள். "அவன் ஒங்ககிட்டப் பேசலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீகளே, அந்தச் சட்டைக்கு ஒரு ஆத்தா இருக்காளே, அவகிட்டப் போயிச் சொன்னீகளா?" என்றாள். மறுநாள் காலை பாக்கியம் வீட்டுக்குப் போனேன். வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் "வாங்கண்ணே" என்றாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. நின்றபடியே சொன்னேன். சட்டை உன்னிடம் இருந்ததை, பேத்திக்குத் தைக்க நான் வெட்டியதை, தெரிந்தே வெட்டியதை.

"எது, அந்த மெரூன் சட்டையா? அது ஒங்க வீட்லயா இருந்துச்சு?" என்றாள். "நான் தேடாத எடமில்லண்ணே. கொடியில காயப்போட்டதப் பக்கத்து வீட்டுக்காரிதான் எடுத்துட்டான்னு அவளோட சண்டை போட்டு, இன்னைக்கு வரைக்கும் மூஞ்சில முழிக்கிறதில்ல."

அடுத்த கீரைக் கொத்தைக் கையில் எடுத்தாள்.

"கத்தரி வைக்கையில கை கூசலையாண்ணே?"

"கூசுச்சு தாயி."

"கூசியுமா வெட்டுனீக?"

கீரையை உருவுவதை அவள் நிறுத்தவில்லை. "போங்கண்ணே. இப்பப் போங்க" என்றாள். வந்துவிட்டேன். "தப்பிச்சான்" என்று மனசு சொன்னதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அதைச் சொன்னால் எனக்குப் பாரம் குறையும், அவளுக்குக் கூடும். உன்னிடம் சொல்கிறேன், ஏனென்றால் அது உன்னைப் பற்றியது.

இரண்டு நாள் கழித்து அவளே கடைக்கு வந்தாள். யூனிபார்ம் வாங்க வந்தவர்கள் எல்லாம் போகும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "மிச்சத் துணி இருக்கா?" என்று கேட்டாள். கைகள் இரண்டு, மேல்பக்கத் துண்டு, பிய்ந்த கழுத்து எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்து, கூடையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "பேத்தி போட்டு எப்புடி இருந்துச்சு?" என்றாள். போடவே இல்லை, காதில் மாட்டி அன்றே கழற்றியாயிற்று என்றேன்.

"ஒரு தடவகூடவா போடல?"

"இல்ல தாயி."

கூடையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். "அப்பப் போட்டுக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அத ஒரு பிள்ள போட்டு ஓடுறத நான் ஒரு தடவ பாத்துக்கிர்றேன். ஒங்கள ஒண்ணும் நான் மன்னிச்சுப்புடலண்ணே. அது வேற, இது வேற" என்று எழுந்து போனாள்.

யாழினிக்குக் காது ஆறியிருக்கும். ஆனால் அந்தச் சட்டையை அப்படியே மாட்டாதே, கழுத்து பிடிக்கும். இடது தோள் தையலைக் கழுத்திலிருந்து நாலு விரல் பிரித்து, உள்ளே ஒரு பட்டி கொடுத்து இரண்டு பிரஸ் பட்டன் வைக்கச் சொல். தாராளமாக இறங்கும். ஓசூரிலேயே யாரிடமாவது கொடு. என்னிடம் கொண்டுவர வேண்டாம், நான் இனி அதைத் தொடுவதாக இல்லை. கவிதாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். காட்டினால் மற்ற ஐந்து சட்டையும் பிள்ளைக்கு உறுத்தாமல் இருக்கிறதா என்று கேட்டு அம்மாவிடம் சொல்லு.

எனக்காக வா என்று நான் கேட்கவில்லை. என்னோடு பேச வேண்டாம். நீ இருக்கும் நாலு நாளும் நான் கடையிலேயே இருந்துகொள்கிறேன், சோறு இங்கேயே வந்துவிடும். செவ்வாய்க்கிழமைதோறும் பாக்கியம் கடைவாசலில் நின்று, "தம்பி ஏதும் சொன்னுச்சாண்ணே? எப்ப வாராக?" என்று கேட்கிறாள். முதல் வாரம் "லீவு கேட்டிருக்கான்" என்றேன். போன வாரம் "ஆடிக்கு முன்னாடி வாரானாம்" என்றேன். நீ எதுவும் சொல்லவில்லை, நானாகச் சொன்னது. அவளும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள், நம்பிக்கொண்டு. இது உன் கைக்கு வந்து சேர்ந்த பிறகும் ஒரு செவ்வாய்க்கிழமை வரும். இந்தத் தடவை பொய் சொல்ல மாட்டேன். அவள் வந்து கேட்டால் நான் என்ன சொல்லட்டும்?

அப்பா